தாமதம் போடும் ஆட்டம்

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தால் பிளாஸ்டிக் பந்து ஒன்று மிதந்துகொண்டிருக்கும். தண்ணீர் ஏற ஏற அதுவும் ஏறும். தொட்டி நிறைந்ததும் வால்வை அடைத்துவிடும். பிளம்பர் ஐந்து நிமிடத்தில் மாட்டிவிட்டுப் போகும் இந்தச் சாமானுக்கு வயது 2,200க்கு மேல். கி.மு. 3ஆம் நூற்றாண்டில், எகிப்தின் அலெக்சாந்திரியாவில் க்டெசிபியோஸ் என்றொருவர் இருந்தார், முடிதிருத்துபவரின் மகன். தண்ணீர்க் கடிகாரம் செய்யப் போன அவருக்கு ஒரு சிக்கல். பாத்திரத்தில் மட்டம் குறைந்தால் சொட்டுவதும் குறையும், கடிகாரம் பின்தங்கும். மட்டத்தை எப்போதும் ஒரே அளவில் நிறுத்த மிதவை ஒன்றைப் போட்டார். மட்டம் இறங்கினால் மிதவை இறங்கி வழிவிடும், ஏறினால் அடைக்கும். அளப்பதும் திருத்துவதும் ஒரே வளையத்துக்குள் வந்துவிட்டன. பொறியாளர்கள் இதைப் பின்னூட்டம் என்கிறார்கள். இதயத்துக்குள்ளும் வயிற்றுத் தோலுக்கடியிலும் இன்று வேலை செய்வது இதே வளையம்தான். தொட்டியிலிருந்து வயிற்றுக்கு அது நேர்வழியில் வரவில்லை.

முதலில் அது வேடிக்கைப் பொருளாக இருந்தது. 9ஆம் நூற்றாண்டு பாக்தாதில் பனூ மூசா சகோதரர்கள் மூவர், விருந்தாளிகளை அசத்தும் மாயப் பாத்திரங்களுக்குள் மிதவைகளை ஒளித்து வைத்தார்கள். பிறகு ரசவாதிகள் கையில் கிடைத்தது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொர்னேலிஸ் டிரெபெல் என்ற ஹாலந்துக்காரர் லண்டனில் முதலாம் ஜேம்ஸ் மன்னரின் தயவில் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். தேம்ஸ் நதிக்கடியில் துடுப்புப் போட்டுச் செல்லும் நீர்மூழ்கியைக் காட்டி ஊரை வாய்பிளக்க வைத்தவர். ரசவாத உலை நாள்கணக்கில் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். டிரெபெல் செய்த உலையில் சூடு ஏறினால் சாராயம் விரிந்து பாதரசத்தைத் தள்ளும். பாதரசம் ஒரு கம்பியைத் தூக்கும். கம்பி நெருப்புக்குப் போகும் காற்றுவழியை மூடும். பொன் வந்தபாடில்லை. ஆனால் அதே அமைப்பில் கோழிமுட்டை பொரிக்கவும் ஒரு பெட்டி செய்தார். இந்த வளையம் உயிருள்ள ஒன்றுக்கு ஊழியம் பார்க்கத் தொடங்கியது அங்கேதான்.

குஞ்சு பொரிக்கும் பெட்டியிலிருந்து குழந்தைக்கு வர 250 ஆண்டு ஆயிற்று. பாரிஸ் நகர உயிரியல் பூங்காவில் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டிகளைப் பார்த்த மகப்பேறு மருத்துவர் தார்னியே, குறைமாதக் குழந்தைகளுக்கும் இப்படி ஒன்று செய்து தரும்படி அதே பெட்டிக்காரரிடம் கேட்டார். 1880இல் அது மருத்துவமனைக்கு வந்தது. 1890களில் நீஸ் நகரத்து அலெக்சாந்தர் லியோன், சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் இன்குபேட்டர்களைச் செய்தார். செலவுக்கு என்ன வழி? கடைத்தெருவில் இடம் பிடித்து, இன்குபேட்டருக்குள் கிடக்கும் சிசுக்களைக் காட்டி நுழைவுக் கட்டணம் வாங்கினார். மருத்துவ வரலாற்றில் இதைவிட விசித்திரமான டிக்கெட் கவுண்டர் இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

இன்னொரு கிளை இங்கிலாந்தின் மாவு ஆலைகளில் வளர்ந்தது. காற்று பலத்தால் காற்றாலை விறுவிறுவென்று சுற்றும். வேகம் கூடினால் ஆலைக்கற்கள் ஒன்றையொன்று விட்டு விலகும். மாவு கொரகொரவென்று விழும். கல்லை நெருக்கித் தர ஓர் ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அந்த ஆளின் வேலையை இரண்டு இரும்புக் குண்டுகள் எடுத்துக்கொண்டன. சுழலும் தண்டில் தொங்கும் குண்டுகள், வேகம் கூடினால் பக்கவாட்டில் விரிந்து எழும். அந்த அசைவு கற்களை நெருக்கிவிடும். 1787இல் தாமஸ் மீட் என்பவர் இப்படியொரு அமைப்புக்குக் காப்புரிமை வாங்கினார். அடுத்த ஆண்டு மே மாதம், தொழிலதிபர் மேத்யூ போல்டன் லண்டன் பிளாக்ஃப்ரையர்ஸ் பாலத்தருகே ஆல்பியன் மாவு ஆலைக்குப் போனார். ஆலையை ஓட்டியது அவரும் ஜேம்ஸ் வாட்டும் செய்த நீராவி இன்ஜின். போல்டன் கண்ணில் பட்டதோ கல்லுக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த குண்டுகள். வாட்டுக்குக் கடிதம் பறந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் குண்டுகள் நீராவி வால்வோடு கோக்கப்பட்டுவிட்டன. இது தன் சொந்தச் சரக்கல்ல என்று வாட்டுக்குத் தெரியும். அதனால் காப்புரிமை கேட்கவில்லை. கூட்டாளிகள் இருவரும் கொஞ்ச காலம் வெளியே தெரியாமல் வைத்துக்கொண்டார்கள். பாடப்புத்தகங்களில் பெயர் என்னவோ வாட்டுக்குத்தான் போயிற்று. ஆல்பியன் ஆலை 1791இல் எரிந்து சாம்பலானது.

குண்டுகளோடு ஒரு நோயும் வந்தது. இன்ஜின்கள் நேர்த்தியாக ஆக ஆக, கவர்னர் எனப்பட்ட இந்தக் குண்டு அமைப்பு சில சமயம் வேகத்தைச் சீராக்குவதற்குப் பதில் ஆட்டிவைத்தது. வேகம் ஏறும், விழும், மறுபடி இன்னும் அதிகமாக ஏறும். ஜெனரேட்டர் மெக்கானிக்குகள் இன்றைக்கும் ‘ஹன்டிங்’ என்று சொல்வது இதைத்தான். இங்கிலாந்தின் அரசு வானியலாளர் ஜார்ஜ் ஏரி, தொலைநோக்கி நட்சத்திரத்தைச் சீராகப் பின்தொடர ஒரு கவர்னரை மாட்டினார். அது வெறிபிடித்ததுபோல் ஆடியது என்று 1840இல் எழுதி வைத்தார். காரணம் தாமதம். வேகம் கூடியதைக் குண்டுகள் உணர்ந்து, வால்வு மூடி, நீராவி குறைந்து, சக்கரம் மெதுவாவதற்குள் நேரம் ஓடிவிடுகிறது. திருத்தம் வந்து சேரும்போது தவறு திசைமாறியிருக்கும். ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருப்பதை மேலும் இறக்கிவிடும். திருத்தம் சரியானதுதான், வந்த நேரம்தான் தப்பு.

1858 பிப்ரவரியில் இந்தக் கவர்னர் எதிர்பாராத இடத்தில் தலைகாட்டியது. மலாய்த் தீவுக்கூட்டத்தின் தெர்னாத்தே தீவில் காய்ச்சலில் விழுந்து எழுந்த ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ், இயற்கைத் தேர்வு பற்றிய கட்டுரையை எழுதி டார்வினுக்கு அனுப்பினார். டார்வினின் தூக்கத்தைக் கெடுத்த கட்டுரை அது. நீராவி இன்ஜினின் கவர்னர் எப்படிக் கோளாறு பெரிதாகும் முன்பே சரிசெய்துவிடுகிறதோ அப்படித்தான் இயற்கையும் என்று அதில் ஒரு வரி வருகிறது. உயிரியலுக்குள் பொறியியல் நுழைந்த கதவுகளில் இது முக்கியமானது. ஆனால் வாலஸ் எடுத்துக்கொண்டது ஒழுங்காக ஓடும் கவர்னரை; ஆடும் கவர்னரை அல்ல. ஆட்டத்துக்குக் கணக்குப் போட்டவர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். மின்தடையின் அலகை நிர்ணயிக்கும் சோதனைக்குக் கம்பிச்சுருள் ஒன்று மாறாத வேகத்தில் சுழல வேண்டியிருந்தது. அந்த வேலை அவரைக் கவர்னரிடம் கொண்டுபோய் விட்டது. எந்த நிலையில் சின்னக் குலுக்கல் தானே அடங்கும், எந்த நிலையில் வளர்ந்துகொண்டே போகும் என்று 1868இல் சமன்பாடுகளாக எழுதினார்.

ஆட்டம் போட்டது இன்ஜின் மட்டுமல்ல. 1818இல் டப்ளினில் ஜான் செய்ன் என்ற மருத்துவர், தன் நோயாளி ஒருவரின் மூச்சைக் கவனித்து எழுதியிருந்தார். கால் நிமிடம் மூச்சே இருக்காது. பிறகு மெல்ல வரும், படிப்படியாகக் கூடி வேகமாக இரைக்கும், பிறகு தேய்ந்து நின்றுவிடும். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம். 1854இல் அதே ஊரின் வில்லியம் ஸ்டோக்ஸும் விவரிக்க, இருவர் பெயரும் அந்த மூச்சுக்கு ஒட்டிக்கொண்டது. இதய நோய் முற்றியவர்களிடம் காணப்படும் இந்த மூச்சும் ஏரியின் தொலைநோக்கியும் ஒரே நோயால் அவதிப்படுகின்றன என்று தெரிய நூறாண்டு போயிற்று.

அதற்குள் வளையம் கடலிலும் தொலைபேசிக் கம்பியிலும் வேலைக்குச் சேர்ந்திருந்தது. ரஷ்யாவிலிருந்து அமெரிக்கா வந்த நிக்கோலஸ் மினோர்ஸ்கி, அனுபவமுள்ள சுக்கானி எப்படிக் கப்பலைத் திருப்புகிறார் என்று உற்றுப் பார்த்தார். கப்பல் இப்போது எவ்வளவு விலகியிருக்கிறது, விலகல் எவ்வளவு நேரமாகத் தொடர்கிறது, எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என மூன்றையும் சேர்த்தே அவர் கை முடிவெடுக்கிறது. 1922இல் மினோர்ஸ்கி அதைக் கணிதமாக்கினார். ‘நியூ மெக்சிகோ’ போர்க்கப்பலில் சோதித்தபோது நன்றாகவே ஓடியது. சிப்பந்திகளுக்குப் பிடிக்காததால் கழற்றிவிட்டார்கள். பிறகு ஆலைகளில் அதே முறை வேரூன்றியது. அந்த மூன்று கணக்குகளின் ஆங்கில முதலெழுத்துகளால் அதற்கு பிஐடி என்று பெயர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வயிற்றில் மறுபடி வரும். 1927 ஆகஸ்ட் 2 காலை, பெல் ஆய்வகத்து ஹரால்ட் பிளாக் ஹட்சன் நதியைப் படகில் கடந்து வேலைக்குப் போகும்போது, தொலைபேசிப் பெருக்கியின் பிழையை அதன் வெளியீட்டைக் கொண்டே திருத்தும் வழி தோன்றியது. கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் நாளிதழிலேயே வரைந்துவிட்டார். காப்புரிமை கைக்கு வர ஒன்பது ஆண்டு. அவருடைய பெருக்கிகளுக்கும் பழைய நோய் உண்டு. தாமதம் மிஞ்சினால் ஊளையிடும். எப்போது ஊளையிடும் என்று முன்கூட்டியே சொல்லும் வரைபட முறையை ஹாரி நைக்விஸ்ட் 1932இல் தந்தார்.

மருத்துவர்கள் பக்கத்தில் அதே 1932இல் ஹார்வர்டின் வால்டர் கேனன், உடல் தன் சூட்டையும் சர்க்கரையையும் உப்பையும் எப்படி ஒரே அளவில் காக்கிறது என்று ஒரு புத்தகமே எழுதினார். இரு தரப்பையும் உட்கார்த்திப் பேசவைத்தது போர். இரண்டாம் உலகப்போரில் எம்.ஐ.டி.யின் நார்பர்ட் வீனரும் பொறியாளர் ஜூலியன் பிக்லோவும் விமான எதிர்ப்புப் பீரங்கிக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். குண்டு போய்ச் சேருவதற்குள் விமானம் நகர்ந்துவிடும். திருத்தத்தை முடுக்கினால் பீரங்கி தடுமாறி ஊசலாடும். மனித உடலிலும் இப்படி ஒரு கோளாறு இருக்க வேண்டுமே என்று அவர்களுக்குத் தோன்றியது. ஒரு பொருளை எடுக்கப் போகும்போது கை அதைத் தாண்டிப்போய், திரும்பி, மறுபடி தாண்டுமா? கேட்ட இடம் பொருத்தமானது: கேனனிடம் வேலை செய்த மெக்சிகோ உடலியலாளர் அர்த்தூரோ ரோசன்புளூத். அவர் யோசிக்கவே இல்லை. சிறுமூளை பழுதானவர்களிடம் பார்க்கலாம் என்றார். கை சும்மா மடியில் கிடக்கும்போது நடுக்கம் இராது. தண்ணீர் டம்ளரை நோக்கி நீட்டினால்தான் ஆட்டம் தொடங்கும். நெருங்க நெருங்கக் கூடும். வாய்க்குப் போக வேண்டிய தண்ணீர் சட்டையில் கொட்டும். கணக்கு ஊகித்த நோய் மருத்துவமனையில் ஏற்கெனவே இருந்தது. மூவரும் 1943இல் சேர்ந்து கட்டுரை எழுதினார்கள். 1948இல் வீனரின் ‘சைபர்நெட்டிக்ஸ்’ புத்தகம் வந்ததும் இந்தப் பேச்சு ஊர்ப்பேச்சாயிற்று.

புத்தகம் எழுதுவது ஒன்று, உடலில் காட்டுவது வேறு. லாரன்ஸ் ஸ்டார்க் என்ற நரம்பியல் மருத்துவர் 1950களில் காட்டினார். அவர் எடுத்துக்கொண்டது கண்பாவை. வெளிச்சம் கூடினால் சுருங்கும், குறைந்தால் விரியும். தலையைத் திறக்காமலேயே பார்க்கக்கூடிய கவர்னர். மெல்லிய ஒளிக்கதிர் ஒன்றைக் கண்பாவையின் விளிம்பில், விளிம்பில் மட்டும் விழச் செய்தார். கண்பாவை இம்மியளவு சுருங்கினாலே கதிர் முழுவதும் வெளியே தள்ளப்படும். இருட்டிவிட்டது என்று அது விரியும். விரிந்ததும் கதிர் முழுதாக உள்ளே பாயும். அடடா என்று சுருங்கும். ஆரோக்கியமான மனிதரின் கண், விநாடிக்கு ஏறக்குறைய ஒரு முறை என்று நிற்காமல் துடிக்கத் தொடங்கிவிடும். எந்த வேகத்தில் துடிக்கும் என்று ஸ்டார்க் முன்கூட்டியே கணக்கிட்டிருந்தார், தொலைபேசிப் பெருக்கிக்காக நைக்விஸ்ட் போட்ட அதே வரைபடத்தை வைத்து.

டப்ளின் மூச்சின் புதிரும் அந்த ஆண்டுகளிலேயே அவிழ்ந்தது. மிசிசிப்பியில் ஆர்தர் கைட்டன் — மருத்துவ மாணவர் மேசைகளில் கனத்துக் கிடக்கும் உடலியல் புத்தகத்தை எழுதிய அதே கைட்டன் — 1956இல் நாய்களுக்கு இதயத்திலிருந்து மூளைக்குப் போகும் ரத்தத்தை நீளக் குழாய் வழியே சுற்றிப் போகவிட்டார். தாமதம் போதிய அளவு கூடியதும், நாய்கள் செய்னின் நோயாளியைப் போல மூச்சுவிட்டன. நுரையீரலில் கரிவாயு கூடிய செய்தி மூளைக்குத் தாமதமாகப் போகிறது. மூளை மூச்சை முடுக்கும்போது தேவை தீர்ந்திருக்கிறது. நிறுத்தும்போது தேவை மீண்டிருக்கிறது. 1977இல் மைக்கேல் மேக்கியும் லியோன் கிளாஸும் மாண்ட்ரியலில் ஒரே ஒரு தாமதச் சமன்பாட்டால் இதை எழுதிக் காட்டினார்கள். சில ரத்தப் புற்றுநோய்களில் அணுக்களின் எண்ணிக்கை வாரக்கணக்கில் ஏறி இறங்குவதற்கும் அதே வகைச் சமன்பாடு பொருந்தியது.

எல்லா ஆட்டமும் நோயல்ல என்பதுதான் கதையின் குறும்பு. 1729இல் பிரெஞ்சு வானியலாளர் தெ மேரான் தொட்டாற்சிணுங்கியை இருட்டில் வைத்தார். சூரியனைப் பார்க்காமலேயே அது வேளைக்கு இலை விரித்தது. உள்ளே கடிகாரம் இருக்கிறது, சரி. எப்படி ஓடுகிறது? 1971இல் கலிபோர்னியாவில் ரொனால்ட் கொனோப்காவும் சீமோர் பென்ஸரும் 19 மணி நேர நாளில் வாழும் பழ ஈ, 28 மணி நேர நாளில் வாழும் பழ ஈ, நாளே இல்லாத பழ ஈ மூன்றையும் கண்டார்கள். மூன்றிலும் பழுதானது ஒரே மரபணு. அந்த மரபணு உண்டாக்கும் புரதம், திரும்பி வந்து தன் மரபணுவையே அடக்குகிறது என்று 1990இல் தெரிந்தது. சுத்தமான பின்னூட்டம். புரதம் சேரவும், உட்கருவுக்குள் நுழையவும், அழியவும் மணிக்கணக்கில் ஆகிறது. அந்தத் தாமதத்தால் வளையம் ஊசலாடுகிறது. ஒரு ஊசல் ஏறக்குறைய ஒரு நாள். இன்ஜின்காரர்கள் துரத்தியடிக்கப் பார்த்ததை உடல் கடிகாரமாக வைத்துப் பிழைத்துக்கொண்டிருக்கிறது. 2017 நோபல் பரிசு இந்த ஆராய்ச்சிக்குப் போனது.

கடிகாரம் தானாக ஓடினால் போதாது, ஊரோடு ஒத்தும் ஓட வேண்டும். இதில் மதுரைக்குப் பங்குண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் குழுவினர், அருகிலுள்ள குகைக்குள் வௌவால்களைக் கூண்டில் வைத்தார்கள். பகல், இரவு எதுவும் எட்டாத இருட்டு. ஆனாலும் குகையின் மற்ற வௌவால்கள் அந்தியில் பறந்து வெளியேறும் நேரத்துக்கு ஒத்தே கூண்டு வௌவாலும் விழித்து அலைந்தது. கூட்டமே இல்லாத குகையில் வைத்தபோது, அதன் நாள் 24 மணியிலிருந்து நழுவிப் போனது. சூரியன் இல்லாவிட்டால் சொந்தக்காரர்களின் சத்தத்தைக் கேட்டாவது கடிகாரத்தைத் திருத்திக்கொள்கிறது. 1981இல் வெளியான கண்டுபிடிப்பு இது. ஒரே உத்தரத்தில் தொங்கும் இரண்டு ஊசல் கடிகாரங்கள் தாமாகவே ஒத்துப்போவதை 1665இல் ஹைகென்ஸ் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தபோது பார்த்தாரே, அதன் உயிருள்ள உறவு.

இனி இந்த வளையத்தை மருத்துவம் பயன்படுத்திய கதைக்கு வருவோம். 1950இல் மேயோ மருத்துவமனையின் ரெஜினால்ட் பிக்ஃபோர்ட், மூளை அலைகளைக் கொண்டே மயக்க மருந்தின் அளவைக் கூட்டிக் குறைக்கும் கருவி செய்தார். 1950களின் நடுவில் வில்சன் கிரேட்பேட்ச் இதய ஒலியைப் பதியும் சுற்றுக்குத் தவறான மின்தடையைப் பொருத்த, அது விநாடிக்கு ஒரு துடிப்பாகத் துடித்தது, உடலுக்குள் பொருத்தும் பேஸ்மேக்கர் ஒன்று அதிலிருந்து பிறந்தது. ஆனால் முதல் பேஸ்மேக்கர்கள் காது கேளாதவை. இதயம் தானே துடித்தாலும் இவை தம் பாட்டுக்கு அடிக்கும். இதயத்தைக் கேட்டுவிட்டுத் தேவைப்பட்டால் மட்டும் துடிக்கும் வகை 1960களில் வந்த பிறகுதான் வளையம் மூடியது.

சர்க்கரைதான் கடைசிவரை முரண்டு பிடித்தது. 1963இல் லாஸ் ஏஞ்சலஸ் மருத்துவர் ஆர்னால்ட் கடிஷ், ரத்தச் சர்க்கரையை அளந்து, அதை இறக்கும் இன்சுலினோ ஏற்றும் குளூகாகனோ செலுத்தும் கருவியைச் செய்தார். முதுகில் சுமக்கும் மூட்டை அளவு. 1977இல் வந்த பயோஸ்டேட்டர் மருத்துவமனைப் படுக்கையை விட்டு நகராது. சின்ன உணரிகள் வந்த பிறகும் இன்சுலின் பம்பையும் சர்க்கரை உணரியையும் இணைத்துத் தர நிறுவனங்கள் தயங்கின. பொறுக்கமாட்டாமல் நோயாளிகளே இறங்கினார்கள். சியாட்டிலில் தனியாக வசித்த டேனா லூயிஸுக்கு, சர்க்கரை இறங்கினால் ஒலிக்கும் அலாரம் தூக்கத்தைக் கலைக்கும் அளவுக்குச் சத்தமாக இல்லை. சத்தத்தைக் கூட்டத் தொடங்கிய வேலை, 2014 முடிவில் பம்பையே தானாக இயக்கும் சின்னக் கணினியாக முடிந்தது. 2015இல் எல்லோருக்கும் இலவசமாக வெளியிட்டார். அதற்கு ஏற்ற பம்புகள் பழையவை. வெளியிலிருந்து கட்டளை ஏற்கும் பாதுகாப்பு ஓட்டை இருந்தவை. ஓட்டையை அடைத்த புது பம்புகள் கடையில் இருக்க, ஓட்டையுள்ள பழையதுக்காக ஆட்கள் இணையத்தில் வலைவீசித் திரிந்தார்கள்.

2016 செப்டம்பரில் அமெரிக்க அரசு அனுமதித்த முதல் வணிகக் கருவியான மெட்ரானிக் 670ஜிக்குள் இருந்தது பிஐடி. சர்க்கரை இப்போது எவ்வளவு தள்ளியிருக்கிறது, எவ்வளவு நேரமாக, எவ்வளவு வேகமாக மாறுகிறது: போர்க்கப்பல் சுக்கானியின் அதே மூன்று கேள்விகள். கேம்பிரிட்ஜ் குழு போன்ற போட்டியாளர்கள், வரப்போவதை மாதிரி வைத்துக் கணிக்கும் முறையை எடுத்துக்கொண்டார்கள். அது 1970களில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் வளர்ந்தது.

இரு தரப்புக்கும் எதிரி ஒன்றே, தாமதம். ஆரோக்கியமான கணையம் இன்சுலினை நேரே கல்லீரலுக்குப் போகும் ரத்தத்தில் விடுகிறது. பம்ப் அதைத் தோலுக்கடியில் விடுகிறது. வேலை செய்யத் தொடங்கவே கால் மணி நேரம், உச்சம் தொட ஒரு மணி நேரம்போல, முழுக்க அடங்கப் பல மணி நேரம். உணரியும் ரத்தத்தை அளப்பதில்லை. திசுநீரைத்தான் அளக்கிறது, அதுவும் சில நிமிடம் பிந்திய செய்தி. சர்க்கரை ஏறுவதைப் பார்த்துப் பார்த்து இன்சுலின் விட்டுக்கொண்டே போனால், எல்லாம் சேர்ந்து ஒரே சமயத்தில் இறங்கி ஆளைச் சாய்த்துவிடும். அதனால் ஒவ்வொரு 5 நிமிடமும், ஏற்கெனவே செலுத்தி இன்னும் வேலை செய்யாமல் உடலில் கிடக்கும் இன்சுலினைக் கணக்கில் கழித்த பிறகே கருவி அடுத்த துளியை முடிவு செய்கிறது. இரவில் இது அழகாக ஓடுகிறது. சாப்பாட்டு நேரத்தில்தான் திணறல். இட்லி சர்க்கரையை ஏற்றும் வேகத்துக்கு இன்சுலின் ஓட முடியாது. ஆகவே இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை இன்னும் மனிதரின் விரலை நம்பியிருக்கின்றன: தட்டில் எத்தனை கிராம் மாவுச்சத்து என்று கணக்குப் போட்டு, முதல் வாய் வைப்பதற்குக் கால் மணி நேரம் முன்பே பொத்தானை அழுத்திச் சொல்லிவிட வேண்டும்.